பாரபட்சம் காட்டும் மேலாளரிடம் எதைக் கேட்பது?

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் சில ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. அவருடைய மேலாளர் மூன்று நான்கு பேரை மட்டும் தமக்கு வேண்டியவர்களாக வைத்துக்கொண்டிருக்கிறார். பெயர் வாங்கித் தரும் வேலைகளும், கிளையன்ட் இருக்கும் இடத்துக்கே போய் வேலை பார்க்கும் ஆன்சைட் வாய்ப்புகளும், நல்ல ரேட்டிங்கும் அவர்களுக்கே போகின்றன. சிக்கல் வரும்போது மட்டும் பொறுப்பு மற்றவர்கள் தலையில் விழுகிறது. இது பாரபட்சம்தானா அல்லது தன்னுடைய மனக்குறையா, சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா, ஹெச்.ஆர். பிரிவில் முறையிட்டால் பயன் உண்டா, பேசாமல் வேலையை விட்டுவிடலாமா என்று அவர் கேட்கிறார். மனிதவளத் துறையில் நெடுங்காலம் இருந்து இத்தகைய முறையீடுகளை வாங்கி விசாரித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மேலாளருக்குச் சிலரைப் பிடித்திருப்பது குற்றமில்லை. யாருக்கு எந்த வேலை, யாருக்கு எந்த ரேட்டிங் என்ற முடிவுகளுக்கு அவர் காரணம் சொல்லாமல் இருப்பதும், அப்படி இருக்க நிறுவனம் அவரை விட்டுவைப்பதும்தான் குற்றம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மேலாளரின் மனத்தை மாற்றப் பார்க்கிறார்கள், அல்லது அவருக்கு வேண்டியவர்களின் குறைகளை அடுக்கிக் காட்டுகிறார்கள். இரண்டாலும் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டியது காரணம். அதையும் எழுத்தில் கேட்க வேண்டும். இந்தப் பதில் முழுவதிலும் நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

முதலில், இது பாரபட்சம்தானா என்ற கேள்வி. ஒரு தலைவர் தமக்குக் கீழே உள்ள எல்லோருடனும் ஒரே அளவில் பழகுவதில்லை என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் டான்செரோ, கிரேன், ஹாகா ஆகியோர் 1975-இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. சிலர் மேலாளரின் நெருங்கிய வட்டத்துக்குள் வருகிறார்கள். அவர்களிடம் பேச்சு அதிகம், நம்பிக்கை அதிகம், விதிவிலக்குகளும் அதிகம். மற்றவர்களுடனான உறவு வேலை ஒப்பந்தத்தில் உள்ள அளவோடு நின்றுவிடுகிறது. இந்த வட்டம் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் உருவாகும். அது உருவாவதை மட்டும் வைத்து ஒருவரைப் பாரபட்சமானவர் என்று சொல்லிவிட முடியாது. நள்ளிரவில் சர்வர் நின்றுபோனால் போனை எடுப்பவரை மேலாளர் கூடுதலாக நம்புவது நியாயமே. அந்த வட்டத்துக்குள் ஒருவர் எப்படி வந்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வேலையால் வந்தார் என்றால் நாளை நீங்களும் வேலையால் உள்ளே போகலாம். ஒரே ஊர், ஒரே கல்லூரி, ஒரே சாதி, பழைய நிறுவனத்தில் சேர்ந்து வேலை பார்த்த பழக்கம், எதையும் மறுத்துப் பேசாத குணம் என்று வேலைக்குத் தொடர்பில்லாத வழியில் வந்தார் என்றால், நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் கதவு திறக்காது. பாரபட்சம் என்று நான் சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான்.

அது எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் அதை எப்படித் தடுப்பது என்று புரியும். ஆண்டு இறுதியில் ரேட்டிங்கை இறுதி செய்ய மேலாளர்கள் கூடும் கூட்டங்களில் நான் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். திரையில் எக்செல் தாள் விரிந்திருக்கும். பெயர், சென்ற ஆண்டு ரேட்டிங், இந்த ஆண்டுக்குப் பரிந்துரைக்கும் ரேட்டிங், அதற்கான காரணம் என்று வரிசையாகப் பத்திகள் இருக்கும். கூட்டம் தொடங்கும்போது ரேட்டிங் பத்தி முழுவதும் நிரம்பியிருக்கும், காரணத்துக்கான பத்தி மட்டும் காலியாக இருக்கும். யாராவது கேட்டால்தான் அந்த இடத்தில் ஏதாவது எழுதப்படும். அப்போது ஒரே நிகழ்வுக்கு இரண்டு விதமான சொற்கள் வருவதைக் காணலாம். இருவர் கையில் இருந்த வேலைகளும் இரண்டு வாரம் தாமதமாகியிருக்கும்; வேண்டியவரின் வரிசையில் ‘கிளையன்ட் தரப்பில் தாமதம் இருந்தும் சமாளித்தார்’ என்று வரும், மற்றவரின் வரிசையில் ‘திட்டமிடல் போதாது’ என்று வரும். ஒருவர் அதிகம் பேசினால் தலைமைப் பண்பு, இன்னொருவர் அதிகம் பேசினால் ஒத்துழைப்புக் குறைவு. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அதை எழுத்து வடிவில் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தாளைத்தான் பார்க்க வேண்டும். அந்த மேலாளர்களில் பலர் கெட்ட எண்ணத்தோடு அப்படி எழுதுவதில்லை. முடிவு மனத்துக்குள் முன்பே ஆகிவிட்டது. சொற்கள் அதற்கேற்ப வந்து சேர்கின்றன.

ரேட்டிங்கைவிட வேலைப் பங்கீடுதான் முக்கியம் என்பது என் கருத்து, ஏனெனில் ரேட்டிங் அங்கேதான் தீர்மானமாகிறது. புதிய கிளையன்டுக்கான டெமோ, மேலிடத்துக்குப் போகும் அறிக்கை, புதிய தொழில்நுட்பத்தில் வரும் முதல் பிராஜெக்ட் ஆகியவை ஒருவரின் பெயரை நாலு பேருக்குத் தெரியவைக்கும் வேலைகள். பழைய மென்பொருளைப் பராமரிப்பது, இரவு ஷிப்ட், விடுப்பில் போனவரின் வேலையைச் செய்து முடிப்பது ஆகியவை நிறுவனத்துக்கு அதே அளவு தேவையானவை என்றாலும் யார் கண்ணுக்கும் தெரியாதவை. முதல் வகை வேலைகள் தேநீர் இடைவேளையிலோ வாட்ஸ்அப்பிலோ ஒதுக்கப்பட்டுவிடும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அது அறிவிப்பாக மட்டும் வரும். ஆண்டு முடிவில் ‘உங்கள் வேலையில் புதிதாக எதுவும் இல்லையே’ என்று சொல்லும் மேலாளர் ஒருவகையில் உண்மையைத்தான் சொல்கிறார். புதிதாக எதுவும் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டவரும் அவரே என்பது அந்தப் படிவத்தில் எங்கும் பதிவாவதில்லை.

ஒதுக்கப்பட்டவரின் வேலை காலப்போக்கில் உண்மையாகவே தரம் குறைந்துபோகிறது என்பது இதில் மிகக் கொடுமையான பகுதி. பிரான்சின் இன்சீட் மேலாண்மைப் பள்ளியைச் சேர்ந்த மான்சோனி, பார்சூ ஆகிய இருவரும் 1998-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் இதை விளக்கினார்கள். ஒருவரைத் திறமை குறைந்தவர் என்று மேலாளர் மனத்துக்குள் முடிவு செய்துவிட்டால், அவருடைய ஒவ்வோர் அடியையும் கண்காணிக்கத் தொடங்குகிறார். கண்காணிக்கப்படுபவர் தன்னம்பிக்கை இழந்து, சொந்தமாக முடிவெடுக்கத் தயங்கி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவராக ஒடுங்குகிறார். அந்த ஒடுக்கத்தையே மேலாளர் தம் கணிப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். கேள்வி கேட்டவர் ‘இது என் மனக்குறையா’ என்று தன்னையே சந்தேகிப்பது இந்தச் சுழலின் விளைவாக இருக்கலாம். சென்ற சில மாதங்களில் கூட்டங்களில் பேசுவதை நிறுத்திவிட்டீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நிறுத்தியிருந்தால் மீண்டும் பேசத் தொடங்குங்கள். மேலாளருக்காக வேண்டாம், நீங்கள் செய்தவை மற்றவர்கள் முன்னால் பதிவாக வேண்டும் என்பதற்காக.

மேலாளர் ஏன் இப்படி ஆகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். நான் கண்டவரை, பாரபட்சம் காட்டுபவர்களில் பலர் அடாவடிக்காரர்கள் அல்லர். சங்கடமான பேச்சுக்கு அஞ்சுபவர்கள். நல்ல பொறியாளர் என்ற ஒரே தகுதியில் மேலாளராக்கப்பட்டவர்கள். ஒருவரை எதிரே உட்கார வைத்து ‘இந்த வேலை போதாது, இன்ன காரணத்தால் போதாது’ என்று சொல்ல எவரும் அவர்களுக்குக் கற்றுத் தந்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு, தாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் மூன்று பேர் பெரிய ஆறுதலாக இருக்கிறார்கள். தகவல் அவர்கள் வழியாகவே மேலே போகிறது, அவர்கள் வழியாகவே கீழே வருகிறது. சில ஆண்டுகளில், தம் குழுவில் உண்மையில் யார் என்ன செய்கிறார்கள் என்பதே மேலாளருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங், இத்தனை பேருக்குத் தாழ்ந்த ரேட்டிங் கட்டாயம் என்று வகுக்கும் பெல் கர்வ் முறை இத்தகையவர் கையில் பெரிய கேடு. யாரையாவது கீழே தள்ளியாக வேண்டும் என்ற நிலையில் அவர் வேண்டாதவரைத் தள்ளிவிட்டு, விதி அப்படி என்று சொல்லிவிடலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இத்தகைய முறையை 2013 நவம்பரில் கைவிட்டது.

காரணத்தை எழுத்தில் கேட்பது ஏன் வலுவானது என்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அது அரசுப் பணி தொடர்பானது என்றாலும் அதன் தர்க்கம் எல்லா அலுவலகங்களுக்கும் பொருந்தும். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவர் கண்காணிப்புப் பொறியாளர் பதவி உயர்வுக்குக் காத்திருந்தார். அந்தப் பதவி உயர்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் மந்தண அறிக்கைகளிலும் (மேலதிகாரி ஆண்டுதோறும் ரகசியமாக எழுதும் மதிப்பீடுகளிலும்) ‘மிக நன்று’ என்ற மதிப்பீடு இருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு 1993–94 ஆம் ஆண்டில் மட்டும் ‘நன்று’ என்று எழுதப்பட்டிருந்தது. அது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. பதவி உயர்வு கிடைக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அவர் ஓய்வும் பெற்றுவிட்டார்.

பாதகமான குறிப்புகளை மட்டும் தெரிவித்தால் போதும், ‘நன்று’ என்பது பாதகமான குறிப்பு இல்லையே என்பது அரசின் வாதம். 2008 மே 12 அன்று நீதிபதிகள் எச்.கே. சேமா, மார்க்கண்டேய கட்ஜு அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. ‘மிக நன்று’ தேவைப்படும் இடத்தில் ‘நன்று’ என்று எழுதினால் அதன் விளைவு பாதகமே. எனவே எந்த மதிப்பீடாக இருந்தாலும் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காமல் இருப்பது சமத்துவ உரிமை தரும் அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவுக்கு எதிரான தன்னிச்சையான செயல் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த மதிப்பீட்டை இரண்டு மாதங்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவருடைய முறையீட்டைப் பரிசீலிக்க வேண்டும், மதிப்பீடு உயர்த்தப்பட்டால் முன்தேதியிட்டுப் பதவி உயர்வுக்குக் கருத வேண்டும், பதவி உயர்வு கிடைத்தால் கூடுதல் ஓய்வூதியமும் நிலுவைச் சம்பளமும் 8 சதவீத வட்டியோடு தரவேண்டும் என்று ஆணையிட்டது. 2009 மே மாதம் மத்தியப் பணியாளர் துறை, 2008–09 முதல் முழு மதிப்பீட்டு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும், அவர் 15 நாட்களுக்குள் முறையிடலாம் என்று ஆணை பிறப்பித்தது. 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தேவ் தத் தீர்ப்பின் நிலைப்பாட்டை உறுதி செய்தது.

தேவ் தத் வழக்கின் உத்தரவில் நீதிமன்றம் தானாகவே ‘நன்று’ என்பதை ‘மிக நன்று’ என்று திருத்திவிடவில்லை. மேலதிகாரி அவரை மதித்தாரா, வெறுத்தாரா என்று ஆராயவும் இல்லை. எழுதியதை உரியவருக்குக் காட்டு, அவர் சொல்வதைக் கேள், அதன் பிறகு முடிவெடு என்று மட்டும் சொன்னது. யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்ற நிலையில் எழுதப்படும் மதிப்பீட்டுக்கும், சம்பந்தப்பட்டவர் படித்துவிட்டு எதிர்க்கேள்வி கேட்கலாம் என்ற நிலையில் எழுதப்படும் மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இரண்டாவது வகையில் மேலாளர்கள் தேதிகளைத் தேடுகிறார்கள், மின்னஞ்சல்களைத் திறந்து பார்க்கிறார்கள், சில சமயம் ரேட்டிங்கையே மாற்றிக்கொள்கிறார்கள்.

தனியார் நிறுவனம் அரசு அல்ல என்பதால் 14-ஆம் பிரிவைக் காட்டி அதன்மீது வழக்குப் போட முடியாது. ஆனால் சட்டத்தில் இடமே இல்லை என்பதும் சரியல்ல. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட ஐந்தாம் அட்டவணை நியாயமற்ற தொழில் நடைமுறைகளைப் பட்டியலிட்டது. அதில் வேலையளிப்பவர் தரப்புக்கு உரிய பகுதியில் ஒன்பதாவது இனம், தகுதியைக் கருதாமல் ஒரு பிரிவுத் தொழிலாளர்களுக்குச் சலுகையோ பாரபட்சமோ காட்டுவது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் இரண்டாம் அட்டவணையிலும் இது இடம்பெற்றிருக்கிறது. பாரபட்சம் என்பது வெறும் மனக்குறை என்று சொல்பவர்களுக்கு இதை எடுத்துக்காட்டலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பு ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கே உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர்களும் அதற்குள் வரமாட்டார்கள். விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் ஒருவர் விலக்கப்படுவதில்லை, அவர் உண்மையில் செய்யும் வேலை எது என்பதே கணக்கு. தொழில்நுட்பப் பணியும் எழுத்தர் பணியும் வரையறைக்குள் அடங்கும் என்பதால் ஐ.டி. ஊழியர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டாம்.

இருபது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்பதும் அந்தத் தொகுப்பின் விதி. அதில் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். குறை எழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று ஹெச்.ஆர். பிரிவுக்கு ஒரு வரி எழுதிக் கேட்பதே சில இடங்களில் ஒரு மாற்றத்தைத் தொடங்கி வைக்கும்.

தனியே சொல்ல வேண்டிய ஒன்று: பாரபட்சத்துக்கு விலையாகப் பாலியல் இணக்கம் எதிர்பார்க்கப்பட்டால் அது வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய செயலோடு சேர்ந்து வேலையில் சலுகை தருவதாக வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ வாக்களிப்பதையும் துன்புறுத்தல் என்றே கொள்கிறது. நிகழ்ந்த மூன்று மாதங்களுக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் அனுமதிக்கலாம்.

இனிச் செய்ய வேண்டியவை. முதலில் மேலாளருக்கே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் உள்ளடக்கம் இந்த அளவில் இருக்கட்டும்: ‘இந்த ஆண்டு எனக்கு இந்த ரேட்டிங் தரப்பட்டிருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட இலக்குகளில் இவற்றை இன்ன தேதிகளில் முடித்திருக்கிறேன். எந்த இலக்கில், எந்த அளவில் குறை இருந்தது என்று தெரிவித்தால் அடுத்த ஆண்டு திருத்திக்கொள்வேன். புதிய பிராஜெக்ட்டில் இடம் பெற என்னென்ன தகுதி தேவை என்பதையும் அறிய விரும்புகிறேன்.’ இதில் யார் பெயரும் இல்லை, பாரபட்சம் என்ற சொல்லும் இல்லை. காரணம் இருந்தால் அவர் சொல்வார், அது உங்களுக்குப் பயன்படும்; இல்லையென்றால் பதில் மழுப்பலாக வரும், அல்லது வராமலே போகும். வராமல் போன பதிலும் ஓர் ஆவணம்தான். அவர் வாய்மொழியாக ஏதாவது சொன்னால், அன்று மாலையே ‘இன்று நாம் பேசியபடி’ என்று தொடங்கி அதைச் சுருக்கமாக எழுதி அவருக்கே அனுப்பிவிடுங்கள். நாட்டின் உயர் அதிகாரிகளே வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் சொல்லியிருக்கும்போது, நீங்கள் அதைச் செய்வதில் தவறாகக் கருத ஒன்றுமில்லை.

அதோடு வேலைப் பங்கீட்டைக் குறித்து வையுங்கள். எந்த வேலை எப்போது வந்தது, யாருக்குப் போனது, நீங்கள் கேட்டிருந்தீர்களா, என்ன சொல்லப்பட்டது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதினால் போதும். நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைக்காதீர்கள். பாரபட்சம் பற்றிய விசாரணை உங்கள் ஒழுங்கு மீறல் பற்றிய விசாரணையாகத் திரும்பிவிடும்.

மேலாளரிடம் பயனில்லை என்றால் அவருக்கு மேலே உள்ளவரிடமும் ஹெச்.ஆர். பிரிவிடமும் போகலாம். ஹெச்.ஆர். நிறுவனத்தின் ஊழியர், உங்கள் வழக்கறிஞர் அல்ல. அவர்கள் அசைவது நிறுவனத்துக்கு இழப்பு என்று தெரியும்போதுதான். ஆகவே ‘அவருக்குக் கொடுத்தார், எனக்குக் கொடுக்கவில்லை’ என்று தொடங்காமல், விளக்கம் தரப்படாத மதிப்பீடு, பதில் வராத மின்னஞ்சல், அறிவிக்காமலேயே ஒதுக்கப்பட்ட வேலைகள் என்று நடைமுறைக் குறைகளை முன்வையுங்கள். அதே குறை உள்ள இன்னும் இருவர் சேர்ந்து எழுதினால் எடை கூடும். வேண்டியவர் பட்டியலில் இருப்பவர்களை எதிரியாக்க வேண்டாம். அவர்களில் ஒருவராவது தம் திறமைக்காக அங்கே இருக்கக்கூடும், மேலாளர் மாறும் நாளில் அவர்களும் உங்களைப் போலவே புதிதாகத் தொடங்க வேண்டியவர்களே.

வேலையை விடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுதிக் கேட்டு, மேலிடத்துக்கும் போய், ஒரு மதிப்பீட்டுச் சுற்று முழுவதும் பொறுத்திருந்தும் காரணமே வரவில்லை என்றால், முதலில் அதே நிறுவனத்தில் வேறு குழுவுக்கு மாற்றம் கேளுங்கள். பல இடங்களில் நோய் ஒரு மேலாளரோடு நின்றிருக்கும். வேறு குழுவிலும் அதே நிலை என்று விசாரித்து அறிந்தால் வெளியே தேடுங்கள், ஆனால் கையில் அடுத்த வேலைக்கான உத்தரவு வரும்வரை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். விடைபெறும் நேர்காணலில் உண்மையைச் சொல்லுங்கள், தேதிகளோடு சொல்லுங்கள். அனுபவச் சான்றும் நிலுவைத் தொகையும் கைக்கு வந்து சேரும்வரை கோபத்தை எழுத்தில் வைக்க வேண்டாம். அடுத்த நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்க உங்களுக்கு வாய்ப்புத் தரும்போது, ரேட்டிங்குக்கான காரணத்தை ஊழியருக்கு எழுத்தில் தருவீர்களா, அதை எதிர்த்து முறையிட வழி உண்டா என்று கேளுங்கள்.